காத்திருக்கும் போர்க்களம்

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல் கணித மாணவன்)

விளையாட்டு வினையாகும் என்பார்கள் நம் பெரியோர். வினையே விளையாட்டாகுமா என்று கேட்டால், ஆகும் என்பதே என் விடை. மனிதன் செய்யும் வினைகளுள் மிகக் கொடியது போர். அந்தப் போரை உள்ளங்கை அளவுத் திரையில் அடக்கி, "இது உன் முறை, நிதானமாக யோசித்து நகர்த்து" என்று நம்மிடம் ஒப்படைக்கும் விளையாட்டுகள் உண்டு. அவற்றில் அப்படி என்ன கவர்ச்சி இருக்கிறது? நான் ஆடி அறிந்த அளவில் அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி வந்த கதை

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் என் தாய்மாமன், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டு வந்தார். பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கியது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் கருவி அது. வயதில் எனக்கு மூத்தது. இரண்டு சிறிய பேட்டரிகள் போட்டால் இயங்கும். திரைக்கு விளக்குக் கிடையாது. ஆகவே பகலில் திண்ணையிலும், இரவில் டியூப் லைட்டுக்கு நேர் கீழேயும் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அதனோடு வந்தது ஒரே ஒரு விளையாட்டு. அதன் பெயர் 'அட்வான்ஸ் வார்ஸ்'.

நண்பர்கள் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டைகளில் எப்போதும் முதலில் சாகிறவன் நான். விரல் வேகம் எனக்கு வராது. அப்படிப்பட்ட என்னை இந்தப் பழைய கருவி இரவு பதினொரு மணி வரை விழித்திருக்க வைத்தது என்றால், அதற்குக் காரணம் இல்லாமலா போகும்?

தோற்றமும் வளர்ச்சியும்

போரைக் காய்களாக்கி ஆடுவது புதிதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையே சதுரங்கம் என்ற பெயர் குறிக்கிறது. பிரஷ்ய நாட்டின் இளம் ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தை தொடங்கி வைத்த ஒரு போர் விளையாட்டைத் திருத்தி 1824-இல் வெளியிட்டார். உண்மையான நில வரைபடத்தின் மேல் காய்களை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் ஒருவர் முன்னிலையில் ஆடப்பட்ட அது, அந்நாட்டு ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே அமைந்தது.

ஜப்பானில் இவ்வகை விளையாட்டை நிண்டெண்டோவுக்காகப் பெரிதும் வளர்த்தது 'இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ்' என்னும் கியோட்டோ நகர நிறுவனமாகும். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் 'ஃபமிகாம் வார்ஸ்' 1988-இல் வந்தது. கையடக்கக் கருவியில் ஆடும் 'கேம் பாய் வார்ஸ்' 1991-இல் வந்தது. இவை ஜப்பானிலேயே தங்கிவிட்டன. அந்த வரிசையில் கடல் கடந்து மற்ற நாடுகளுக்குச் சென்ற முதல் விளையாட்டுத்தான் 2001-இல் வந்த அட்வான்ஸ் வார்ஸ்.

ஆடும் முறை

திரையில் அகலவாட்டில் 15, உயரவாட்டில் 10 என 150 கட்டங்கள் ஒரே நேரத்தில் தெரியும். சாலை, சமவெளி, காடு, மலை, ஆறு, நகரம் எனக் கட்டங்கள் பலவகை. என் படைகள் அனைத்தையும் நான் நகர்த்தி முடித்ததும் எதிரியின் முறை வரும். இருவரும் முடித்தால் ஒரு நாள் கழிந்ததாகக் கணக்கு.

நம் வசமுள்ள ஒவ்வொரு நகரமும் நாள்தோறும் 1000 பணம் தரும். அப்பணத்தில் படை வாங்க வேண்டும். காலாட்படைப் பிரிவு 1000, டாங்கி 7000, குண்டு வீசும் விமானம் 22000. விலை ஏறினால் வலிமையும் ஏறும். ஆனால் ஒரு நகரத்தைக் கைப்பற்றும் தகுதி நடந்து செல்லும் வீரர்களுக்கு மட்டுமே உண்டு. எத்தனை டாங்கிகள் சூழ்ந்து நின்றாலும், எத்தனை விமானங்கள் மேலே பறந்தாலும், ஒரு காலாள் உள்ளே நடந்து சென்று இரண்டு நாள் நின்றால்தான் நகரம் நமதாகும். மிக மலிவான காய் செய்யும் இவ்வேலையை விலையுயர்ந்த டாங்கியோ விமானமோ செய்ய முடியாது என்பது இவ்விளையாட்டின் அடிப்படை விதி.

நிலமும் ஒரு படையே. காப்புத் தரும் அளவை நட்சத்திரங்களால் குறிக்கிறார்கள். மலைக்கு 4, நகரத்திற்கு 3, காட்டிற்கு 2, சமவெளிக்கு 1, சாலைக்கு எதுவுமில்லை. விரைந்து செல்லச் சாலை நல்லது. அடி வாங்காமல் நிற்க மலை நல்லது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

கவர்ச்சிக்குக் காரணம் யாது?

முதலாவது காரணம், அவகாசம். நான் பொத்தானை அழுத்தும் வரை எதிரி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். ஐந்து நிமிடம் யோசித்தாலும் காத்திருப்பான்; ஐந்து மணி நேரம் யோசித்தாலும் காத்திருப்பான். அம்மா தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டால் கருவியை அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் இரண்டு நாள் போரை நடத்திவிட்டு, மீதியை மாலைப் பேருந்துக்கு ஒத்தி வைக்கலாம். கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கும் முறை வைத்து ஆடும் விளையாட்டுக்கும் உள்ள பொருத்தம் இதுதான்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுந்தால், அதை நான் மனத்திற்குள் தமிழாக்கி முடிப்பதற்குள் வேறொருவர் விடை சொல்லி முடித்திருப்பார். விடை தெரியாமல் அல்ல, நேரம் போதாமல் தோற்ற நாள்கள் பல. "உன் முறை வரும், அதுவரை யோசி" என்று என்னிடம் முதன்முதலில் சொன்னது இந்த விளையாட்டுத்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் ஆங்கில வசனங்களைப் படிக்கவும் எனக்கு நேரம் கிடைத்தது.

இரண்டாவது காரணம், தெளிவு. தாக்குவதற்கு முன்பே எவ்வளவு சேதம் விளையும் என்று திரை சொல்லிவிடும். சமவெளியில் நிற்கும் இரு டாங்கிகளில் என்னுடையது முதலில் சுட்டால், எதிரி டாங்கியின் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாதி வலிமையோடு அது திருப்பிச் சுடும்போது எனக்கு ஏறக்குறையக் கால் பங்கு இழப்பே நேரும். சமமான இருவருள் முந்தியவனுக்கு இவ்வளவு ஆதாயமா என்று கணித மாணவனாகிய நான் வியந்தேன். மூடுபனி சூழ்ந்து எதிரி கண்ணுக்குத் தெரியாத களங்களும் உண்டு. அங்கும் விதிகள் மாறுவதில்லை. தோற்றால் எந்த இடத்தில் தவறினோம் என்று பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது காரணம், மீட்சி. களம் முழுவதும் அழிந்தாலும் முதல் நாளிலிருந்து தொடங்கலாம். தோல்விக்கு அபராதம் இல்லை.

அண்ணன் கேட்ட கேள்வி

இந்த மூன்று காரணங்களையும் எழுதிக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பொங்கல் விடுமுறையில் என் அண்ணன் ஊருக்கு வந்தார்.

அண்ணன் ராணுவத்தில் காலாட்படைச் சிப்பாய். அம்மாவும் அப்பாவும் பீடி சுற்றும் வருமானத்தில் இருவர் படிக்க முடியாது என்று, பத்தாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடித் தேறியவர். நான் கட்டும் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவர் அனுப்பும் பணம். சிறு வயதில் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டு எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுத் தந்தவரும் அவர்தான். ஆகவே பெருமையோடு இந்த விளையாட்டை அவருக்கு ஆடிக் காட்டினேன்.

எதிரி டாங்கிகள் இரண்டு ஒரு பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. எனக்கு வேண்டியது ஒரு நாள் அவகாசம். ஒரு காலாட்படைப் பிரிவைப் பாலத்தின் மேல் நிறுத்தினேன். டாங்கிகள் அதைச் சுட்டு அழித்தன. மறுநாள் பின்னால் நின்ற என் பீரங்கிகள் டாங்கிகளை நொறுக்கின. "பார்த்தீங்களாண்ணா, ஆயிரம் போட்டுப் பதினாலாயிரத்தை எடுத்துட்டேன்" என்றேன்.

அண்ணன் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பாலத்து மேல நிறுத்தினியே, அவன் எந்த ஊர்க்காரன்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "குடு, நான் ஆடுறேன்" என்று கருவியை வாங்கிக்கொண்டார்.

அவர் பாலத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார். காலாட்படையை நகரத்துக்குள் பின்வாங்கச் செய்தார். டாங்கியை முன்னே நிறுத்தினார். அடிபட்ட பிரிவுகளை நகரங்களில் தங்க வைத்து, நாளுக்கு இரண்டு புள்ளி வீதம் தேற்றி எடுத்தார். நான் 11 நாளில் முடித்த களத்தை அவர் முடிக்க 19 நாள் ஆயிற்று. ஆட்டம் முடிந்ததும் வேகம், வலிமை, நுட்பம் என மூன்று வகையில் மதிப்பெண் வரும். நுட்பம் என்பது படையை இழக்காமல் காத்ததற்கான மதிப்பெண். வேகத்தில் என்னைவிட மிகக் குறைவாகவும், நுட்பத்தில் முழு 100-உம் அண்ணன் வாங்கியிருந்தார். அந்த மதிப்பெண்ணை நான் அதுவரை பொருட்படுத்தியதே இல்லை.

பெயருள்ள வீரர்கள்

அண்ணனின் கேள்வியை முன்பே கேட்டுப் பார்த்த விளையாட்டு ஒன்றும் உண்டு. அதே நிறுவனம் 1990-இல் தொடங்கிய 'ஃபயர் எம்பளம்' வரிசையே அது. 2002 முதல் கேம் பாய் அட்வான்ஸ் கருவியிலும் வந்தது. அங்கே ஒவ்வொரு காய்க்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, உறவுகள் உண்டு. களத்தில் ஒருவர் மாண்டால் அந்தக் கதை முடியும் வரை அவர் திரும்பி வருவதில்லை. இதனால் ஒரே ஒரு வீரரை இழந்தவர்களும் அந்தக் களத்தை முதலிலிருந்து மீண்டும் ஆடுவது வழக்கமாயிற்று. வெற்றி கிடைத்தும் அதை வேண்டாம் என்று தள்ளும் விளையாட்டு வேறு எங்கே உண்டு? 2010-இல் வந்த விளையாட்டில், மாண்டவர் அடுத்த களத்தில் மீண்டு வரும் எளிய முறையும் விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. பழைய முறையும் நீக்கப்படவில்லை.

உண்மைப் போர் குறுக்கிட்டபோது

அட்வான்ஸ் வார்ஸ் வட அமெரிக்காவில் வெளியான நாள் 2001 செப்டம்பர் 10. மறுநாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. ஜப்பானில் அவ்விளையாட்டு அப்போது வெளிவரவில்லை. 2004-இல்தான் இரண்டாம் பாகத்தோடு சேர்ந்து வந்தது. பிற்காலத்தில் இவ்விரு பாகங்களையும் புதுப்பித்து 'ஸ்விட்ச்' கருவிக்கு 2022 ஏப்ரலில் வெளியிட இருந்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. உலக நிகழ்வுகளைக் கருத்தில் கொண்டு வெளியீட்டை ஒத்திவைப்பதாக நிண்டெண்டோ மார்ச் மாதத்தில் அறிவித்தது. 2023 ஏப்ரலில்தான் அது வெளிவந்தது.

வண்ண வண்ணமாய்க் கண் சிமிட்டும் பொம்மை டாங்கிகள்தாம் அவை. ஆயினும் உண்மை டாங்கிகள் ஊருக்குள் நுழையும் வேளையில் பொம்மை டாங்கிகளை விற்பதற்கு அதைப் படைத்தவர்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

முடிவுரை

நண்பர்களே! இவ்வகை விளையாட்டு நம்மைக் கவர்வது போர் நமக்குப் பிடித்திருப்பதால் அன்று. போரில் இல்லாத மூன்றை அது தருவதால்தான். போரில் யாரும் யாருக்கும் அவகாசம் தருவதில்லை. சேதம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் காட்டுவதில்லை. முதல் நாளுக்குத் திரும்பவும் வழியில்லை. அவகாசம், தெளிவு, மீட்சி ஆகிய மூன்றும் உண்மையில் கல்விக்கு உரியவை. ஒரு மாணவன் பொறுமையாக எண்ணவும், தவறவும், திருத்திக்கொள்ளவும் இடம் தருவதாலேயே இந்த விளையாட்டு நல்ல விளையாட்டு. அது போரைக் கற்றுத் தருகிறது என்று எண்ணினால் நாம் ஏமாந்து போவோம்.

அண்ணன் விடுமுறை முடிந்து எல்லைக்குத் திரும்பிவிட்டார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசி முடித்த பிறகு என்னிடம், "அந்தப் பாலம் என்னடா ஆச்சு?" என்று கேட்பார். ஒரு பிரிவையும் இழக்காமல் 15 நாளுக்குள் அந்தக் களத்தை முடிக்க முயன்று வருகிறேன். இதுவரை முடிந்தபாடில்லை. "பரவாயில்லடா, நாள் ஆனா ஆவட்டும்" என்பார் அவர். அவர் அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் முடித்து வைக்க வேண்டும்.