பரணை ஒழிப்போம், தெளிவு பெறுவோம்

மும்பையில் வீடு என்பது சதுர அடிக் கணக்கில் அளந்து, பெரும்பாலும் கடன் பெற்று, பல ஆண்டுகள் தவணை கட்டி நமதாக்கிக்கொள்ளும் சொத்து. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இடத்தில் ஒரு பங்கை, நாம் தொடாத பொருள்களுக்கு வாடகையின்றி விட்டுவைத்திருக்கிறோம். பரணில் ஓடாத கிரைண்டர். கட்டிலடிப் பெட்டியில் உறை பிரிக்காத சீர்ப் பாத்திரங்கள். அலமாரியில், வேலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளின் பள்ளிப் பாடநூல்கள். ஒரு சதுர அடி 25,000 ரூபாய் என்றும், இவை 20 சதுர அடியை அடைத்திருக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், 5 லட்சம் ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. ஒரு காசும் வட்டி தராத வைப்பு இது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல தமிழ்க் குடும்பங்கள் இன்று இந்தக் கணக்கைக் கட்டாயமாகப் போட வேண்டியிருக்கிறது. பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியபின் 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புகளுள் மாட்டுங்காவும் ஒன்று. அங்கே வேரூன்றிய தென்னிந்தியர்கள் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர். இப்பகுதிகளின் பழைய கட்டடங்கள் பல, மறுகட்டுமானத்திற்காக இப்போது இடிக்கப்படுகின்றன. புதிய கட்டடம் எழும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும். மூன்று தலைமுறைப் பொருள்களையும் அங்கே ஏற்ற இயலாது. எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்று சில வாரங்களுக்குள் முடிவுசெய்தாக வேண்டும். அத்தகைய நெருக்கடி வரும்வரை காத்திராமல், அவகாசம் இருக்கும்போதே நாம் அனைவரும் இதைச் செய்துகொள்வது நலம்.

மகிழ்ச்சி தராத காகிதங்கள்

ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோவின் நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மனத்தில் மகிழ்ச்சியை எழுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் நன்றி கூறி விடைகொடுக்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. காகிதங்களைப் பொறுத்தவரை, ஏறத்தாழ அனைத்தையும் கழித்துவிடலாம் என்பது அவர் கருத்து. புடவைக்கும் பொம்மைக்கும் அவர் வழி பொருந்தும். வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் எவருக்கும் மகிழ்ச்சி பொங்குவதில்லை. ஆயினும் அது இல்லையேல் வீட்டை விற்கவோ அதன்மீது கடன் பெறவோ முடியாமல் தவிக்க நேரிடும்.

தாராவியைப் பாருங்கள். அங்கு நடைபெறும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்து வருவதை நிறுவும் குடும்பங்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அதை நிறுவ உதவுபவை எவை? பழைய மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் நகல் போன்ற, பார்வைக்குக் குப்பையாகத் தோன்றும் தாள்கள்தாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மின் ரசீதை ரத்திவாலாவிடம் கிலோ கணக்கில் போட்டுவிட்ட குடும்பம், வீட்டுரிமையை மெய்ப்பிக்கத் திண்டாட நேரலாம். ஆகவே, எறிவதில் விரைவு காட்டுவது மட்டும் தெளிவாகாது. ஒவ்வொன்றுக்கும் இனி என்ன வேலை இருக்கிறது என்று அறிந்து முடிவுசெய்வதே தெளிவு.

இரும்புப் பெட்டியைத் திறப்போம்

எனவே, வீட்டை ஒழிக்கும் பணியை ஆவணப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். வங்கியில் பணிபுரியும் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. குடும்பத் தலைவர் மறைந்தபின், அவர் வைத்திருந்த கணக்குகள் எத்தனை, எந்தக் கிளைகளில் என்று அறியாமல் மனைவியும் மக்களும் ஒரு பை நிறையத் தாள்களுடன் வந்து நிற்பார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் பரிவர்த்தனை ஏதுமில்லாத சேமிப்புக் கணக்கு, செயல்படாத கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் கோரப்படாமல் கிடக்கும் தொகை, ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதனால் உரிமை பறிபோவதில்லை. வைப்பாளரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் உரிய வங்கிக் கிளையை அணுகிப் பெறலாம். அவ்வாறு கிடக்கும் வைப்புகளைத் தேடுவதற்கென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பெட்டியில் பழைய பாஸ்புத்தகம் கிடைத்தால், எறியும் முன் அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.

தாத்தா காலத்துப் பங்குப் பத்திரங்கள் கிடைத்தாலும் அப்படியே. 2019 ஏப்ரல் 1 முதல், விற்பதற்காகத் தாள் வடிவப் பங்குகளைப் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது; அவற்றை டீமேட் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கடனை அடைத்துவிட்டவர்கள், மூல ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்துவிட்டனவா என்று சரிபார்க்க வேண்டும். முழுக் கடனும் தீர்ந்த 30 நாள்களுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி, 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

அடுத்து, நியமனதாரர் விவரம். 2025 நவம்பர் 1 முதல், வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கவும், அவரவர் பங்கைக் குறிப்பிடவும் இயலும். பல ஆண்டுகளுக்கு முன் திறந்த கணக்கில் மறைந்துவிட்ட தந்தையின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். ஒருமுறை கிளைக்குச் சென்றால் திருத்திவிடலாம்.

போகும் பொருளுக்கும் ஒரு வழி

காகிதம் முடிந்தபின் மற்றவை எளிது. போகியன்று அனைத்தையும் தீயிலிடுவது புகையைத்தான் தரும். மும்பையிலோ பழம்பொருளுக்கென ஒரு பொருளாதாரமே இயங்குகிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் தெருவில் வருகிறார்கள். பங்கார்வாலா எடுத்துச் செல்லும் பிளாஸ்டிக், தாராவியின் 13-ஆம் காம்பவுண்டு போன்ற இடங்களைச் சேர்கிறது. அங்கே வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்பட்டு, உருக்கிச் சிறுமணிகளாக்கப்பட்டு மீண்டும் ஆலைக்குப் போகிறது. நமக்குச் சுமையானது இன்னொருவரின் அன்றாடக் கூலியாகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஆதார், பான் நகல்களையும் முடிந்துபோன கணக்கின் காசோலைத் தாள்களையும் கிழிக்காமல் ரத்தியில் போட வேண்டாம். காலாவதியான அட்டையை அதன் சிப்பின் குறுக்கே வெட்டிவிட வேண்டும்.

ஒரு பக்கம் போதும்

வெளியேறும் பொருள்களைப் பார்க்கும்போது நம் செலவின் வரலாறும் தெரியவரும். தள்ளுபடிக்காக வாங்கியவை எவை, அண்டைவீட்டில் கண்டு வாங்கியவை எவை, உண்மையிலேயே விரும்பி வாங்கியவை எவை என்பது புரியும். மகளின் மேற்படிப்புக்கோ ஓய்வுக்காலத்துக்கோ மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகவில்லை என்று சொல்லிவந்த நமக்கு, அந்த இரண்டாயிரம் பரணில் உறங்கிக்கொண்டிருந்தது தெரியும்.

வாரம் ஒரு ஞாயிறு, ஒரு அலமாரி என்று வைத்துக்கொண்டாலே போதும். இறுதியில் ஒரே தாளில் நம் கணக்குகள், வைப்புகள், காப்பீடுகள், கடன்கள், ஆவணங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுவோம். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். துணைவரையும் பிள்ளைகளையும் அருகில் அமரவைத்து அதை ஒருமுறை படித்துக் காட்டுவோம். நம்மிடம் என்ன இருக்கிறது, அது யாருக்காக இருக்கிறது என்பதை முழுக் குடும்பமும் அறிந்திருந்தால், அதற்குமேல் எதை வாங்குவது, எதற்காகச் சேமிப்பது என்னும் கேள்விகளுக்கு விடை காண்பது கடினமன்று.