சின்னக் குதிரையும் காட்சி வளையமும்: இயற்கை முறையில் தயார்செய்வது எப்படி?



கோடை காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊர்ப்புற விவசாயக் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பெற்றோர் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். வேலி அடைத்த வளையத்துக்குள், இடுப்பளவு உயரம்கூட இல்லாத குதிரைகள் வரிசையாக நிற்கும். உடல் பட்டுப் போல மினுங்கும். பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு "இது குட்டியா?" என்று கேட்பார்கள். குட்டியல்ல, அது முழு வளர்ச்சி பெற்ற மினியேச்சர் குதிரை. அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது, அதற்காகக் குதிரை என்ன விலை கொடுக்கிறது என்பதே இந்த மாத உரையின் விடயம்.

எங்களுக்கும் சிறிய குதிரைகள் புதியவையல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. ஆனால் மினியேச்சர் குதிரை வேறு. அது சிறு உருவத்துக்காகவே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். 1978 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பெரிய குதிரைகளைத் தோள் மேட்டில் அளப்பார்கள். இவற்றைப் பிடரி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். நிறை பெரும்பாலும் 70 முதல் 110 கிலோ வரை இருக்கும்.

வளையத்தில் நடுவர் முதலில் பார்ப்பது உடலமைப்பை. பெரிய குதிரையொன்றைச் சுருக்கி வைத்தது போல அளவுப் பொருத்தம் இருக்கிறதா, கால்கள் நேராக உள்ளனவா, மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்துகின்றனவா, நடை சீராக உள்ளதா என்று பார்ப்பார். பிறவியில் வந்த இவற்றை நாம் மாற்ற முடியாது. நாம் கொடுக்கக்கூடியது ஆரோக்கியமும் பழக்கமும் சுத்தமும்தான். அதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும்.

முதலில் சாப்பாடு

ஆகக்கூடிய தவறுகள் நடப்பது இங்கேதான். இந்தச் சின்னக் குதிரைகள் கொஞ்சத் தீனியிலேயே கொழுத்துவிடும். நாளொன்றுக்கு உடல் நிறையில் ஒன்றரை முதல் இரண்டு வீதம் உலர்ந்த புல் போதும். 90 கிலோ குதிரைக்கு அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதை ஒரேயடியாகப் போடாமல் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இளவேனிற் காலத்துச் செழித்த பச்சைப் புல்லில் சீனிச்சத்து அதிகம். அதை வயிறாரத் தின்றால் குளம்பு அழற்சி என்னும் கொடிய நோய் வரலாம். குளம்பு சூடாகும், குதிரை அடியெடுத்து வைக்கத் தயங்கும், முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும்.

சரி, கொழுத்துவிட்டது, காட்சிக்கு இன்னும் மூன்று வாரம்தான், சாப்பாட்டை நிறுத்தி மெலிய வைப்போம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது அதைவிட ஆபத்து. சாப்பாடு திடீரென நின்றால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு இரத்தத்தில் வந்து கொட்டும். ஈரல் அதைத் தாங்காது. பெரிய குதிரைகளைவிட மினியேச்சர்களுக்கும் ஷெட்லண்ட் மட்டக்குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இந்த நோய் எளிதில் வரும். பலவேளை உயிரிழப்பில் முடியும். ஆகவே சின்னக் குதிரை ஒரு நாள் சோர்ந்து சாப்பிடாமல் நின்றாலே அன்றைக்கே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். மெலிய வைப்பதாயின் மாதக்கணக்கில், மெல்ல மெல்ல.

மயிர் அடர்ந்திருப்பதால் கண்ணால் பார்த்து நிறையை மதிக்க முடியாது. கையை விலாவில் வைத்துத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கைக்குப் படவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. அதுவே சரியான நிலை.

பற்களையும் மறக்கக்கூடாது. சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் ஆண்டுக்கொருமுறை பார்ப்பது நல்லது. பூச்சி மருந்தையும் கண்டபடி கொடுக்காமல், இலத்தியைச் சோதித்துப் புழு முட்டை எவ்வளவு இருக்கிறது என்று அறிந்து கொடுப்பதே இன்றைய முறை. ஏனெனில் மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகிவிட்டன. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை சீவ வேண்டும்.

உடற்பயிற்சி

கழுத்து மெலிந்து தெரியவேண்டும் என்று சிலர் இறப்பர் போன்ற பட்டியைக் கழுத்தில் சுற்றி வியர்க்க வைக்கிறார்கள். வியர்வையில் போவது நீர் மட்டுமே. குதிரை தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். உண்மையான தசை நடையால்தான் வரும். பத்து நிமிட வேக நடையில் தொடங்கி, வாரத்தில் நான்கைந்து நாள், சிறிது சிறிதாக அரை மணி வரை கூட்டலாம். சரிவான நிலத்தில் ஏறி இறங்குவது பின்தொடைக்கு நல்லது. நீண்ட இரு கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து ஓட்டுவதும் நல்ல பயிற்சி. ஆனால் எலும்பு முற்றாத இளம் குதிரையைச் சிறு வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் மூட்டு பழுதாகும்.

மினுக்கம்

குதிரையின் மயிர் உதிர்வதைத் தீர்மானிப்பது பகல் வெளிச்சத்தின் நீளம். நாள் நீள நீளக் குளிர்கால மயிர் தானாகக் கழரும். முற்கூட்டியே கழர வைக்க, குளிர்காலத்தில் தொழுவத்தில் 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும்படி விளக்கெரிப்பவர்கள் உண்டு. அவசரமில்லாதவர்கள் கோடைக் கடைசிக் காட்சியைத் தெரிவுசெய்தால் இயற்கையே அந்த வேலையைச் செய்துவிடும்.

தினமும் பதினைந்து நிமிடம் இறப்பர்ச் சீப்பால் வட்டமாகத் தேய்த்து, பின் தூரிகையால் மயிர் போகும் திசையில் வாரினால் தோலின் சொந்த எண்ணெய் மயிரெங்கும் பரவும். கடையில் வாங்கும் பூச்சு இதற்கு ஈடாகாது. அடிக்கடி சவர்க்காரம் போட்டால் அந்த எண்ணெய் கழுவுண்டு போகும். காட்சிக்கு ஓரிரு நாள் முன்பு குளிக்க வார்த்து, கடைசியில் தண்ணீரில் சிறிது விநாகிரி கலந்து அலசினால் சவர்க்காரம் மிச்சமில்லாமல் போகும். தீனியில் ஒரு கரண்டி அரைத்த ஆளி விதை சேர்ப்பதும் மயிருக்கு நல்லது. வெள்ளைக் கால்களுக்குச் சோள மா பூசித் தட்டிவிடுவது பழைய கைமுறை.

உடல் மயிரை இயந்திரத்தால் ஒட்ட வெட்டுவது இந்தக் காட்சிகளில் பரவலான வழக்கம். வெட்டுவதானால் அதன்பின் இரவுக் குளிருக்குப் போர்வையும் வெயிலுக்கு நிழலும் அவசியம். மூக்கிலும் கண்ணோரத்திலும் உள்ள மீசை மயிரை மட்டும் விட்டுவிடுங்கள். குதிரைக்கு மூக்கின் முன்னே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிரால்தான் தொட்டறிகிறது. சர்வதேச குதிரை விளையாட்டுச் சம்மேளனம் 2021 யூலை 1 முதல் தன் போட்டிகளில் அதை வெட்டுவதைத் தடைசெய்துவிட்டது. இனச் சங்கங்களின் காட்சிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் எல்லாக் குதிரைக்கும் ஒன்றுதான்.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

எங்கள் குசினியில் இருக்கும் சாமான்தானே, என்ன கெடுதி என்று நாம் எளிதாக நினைப்போம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹொங்கொங்கில் நடந்தபோது நான்கு குதிரைகளின் சோதனையில் கப்சைசின் காணப்பட்டது. மிளகாய்க்கு உறைப்பைக் கொடுப்பது அதுதான். வலியை மறைக்கவும் உதவும்; தோலை எரியவைத்துக் காலைக் கூடத் தூக்கவைக்கவும் பயன்படும். நோர்வே அணி தான் வென்ற வெண்கலப் பதக்கத்தை இதனால் இழந்தது. வால் உயர்ந்து நிற்கவேண்டும் என்று வாலடியில் இஞ்சி வைக்கும் கொடுமையும் குதிரைக் காட்சிகளில் இருந்திருக்கிறது. குதிரையை அமைதிப்படுத்தக் கொடுக்கும் வலேரியன் வேரும் சர்வதேசப் போட்டிகளில் அனுமதிக்கப்படாதது. அளவு மிஞ்சிக் கொடுத்த உள்ளி இரத்தச் சோகையை உண்டாக்கும். இஞ்சியும் மிளகாயும் இயற்கைதான். அவற்றை வைக்கும் நோக்கம் இயற்கையல்ல.

நிற்கப் பழக்குதல்

வளையத்தில் நான்கு கால்களும் சதுரமாக ஊன்றி, கழுத்தை நீட்டி, காதை முன்னே விட்டு நிற்கவேண்டும். தலைக்கயிற்றைச் சற்று இழுங்கள், ஓரடி அசைந்ததும் உடனே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் பாராட்டு. சரியாக நின்றதும் ஒரு பிடி புல் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒலிபெருக்கி, கைதட்டல், குடை, வாகனத்தில் ஏறுதல் எல்லாவற்றையும் வீட்டிலேயே பழக்கிவிட்டால் காட்சி நாளில் பயம் இராது. பயத்தில் நடுங்கும் குதிரைக்கு எந்தப் பூச்சும் அழகு தராது.

கனடாவில் 1913 இல் தொடங்கிய போர் எச் இயக்கம் போன்ற இளைஞர் கழகங்களில் பிள்ளைகள் இவற்றைச் செய்து பழகுகிறார்கள். உங்கள் பிள்ளையும் ஆசைப்பட்டால் முதலில் பரிசைப் பற்றிக் கதைக்காதீர்கள். காலையில் எழுந்து தண்ணீர் வைத்தாயா, விலாவைத் தடவிப் பார்த்தாயா என்று கேளுங்கள். வாய் பேசாத ஒரு உயிரின் உடம்பை நாள்தோறும் கையால் அறிந்து பார்க்கக் கற்ற பிள்ளை, பரிசு இல்லாமல் வீடு திரும்பினாலும் வெறுங்கையோடு திரும்பாது.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்துடன் சந்திப்போம்.