எல்லை கடந்த குற்றம், எல்லைக்குள் சட்டம்

களவு என்றதும் பூட்டை உடைக்கும் கையே நம் நினைவுக்கு வரும். இன்றோ, கடல்கடந்த நாட்டில் அமர்ந்திருக்கும் ஒருவர் கதவைத் தொடாமலே நம் சேமிப்பைக் கவர்ந்துவிட இயலும். குற்றம் செய்தவர் ஒரு நாட்டிலும் இழந்தவர் மற்றொரு நாட்டிலும் இருந்தால், எந்தச் சட்டம் அவரைத் தண்டிக்கும்?

சட்டம் இல்லாத நிலை

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், காதல் மடல்போல் தோன்றிய மின்னஞ்சல் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பரவியது. அதன் இணைப்பைத் திறந்தவர்களின் கோப்புகளை நச்சுநிரல் அழித்தது. அவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தானே சென்றது. உலகெங்கும் பல இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. ஐயத்திற்குரிய இளைஞர் கண்டறியப்பட்டும் தண்டிக்கப்படவில்லை. அச்செயலைக் குற்றமெனக் கூறும் சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லை. அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், செயலுக்குப் பின் பிறந்த சட்டத்தால் ஒருவரைத் தண்டித்தல் அறமன்று.

பழைய சட்டமும் புதிய குற்றமும்

பிரிட்டனிலும் இத்தகைய நிலை நேர்ந்தது. பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு கணினித் தகவல் சேவையொன்றில் நுழைந்த இருவர்மீது, போலி ஆவணம் தயாரித்தலுக்கான சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அச்சட்டம் இச்செயலுக்குப் பொருந்தாது என 1988இல் உச்ச நிலை நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதன்பின் 1990இல் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் பிறந்தது.

அமெரிக்கா 1986லேயே தனிச்சட்டம் இயற்றியிருந்தது. 1988இல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய நிரலை உருவாக்கிய மாணவருக்கு, அச்சட்டத்தின்கீழ் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூகப்பணியும் தண்டத்தொகையும் விதிக்கப்பட்டன.

தண்டித்தலும் தடுத்தலும்

தண்டனை மட்டும் இழந்த பொருளை மீட்டுத் தருவதில்லை. எனவே சிங்கப்பூர் 2025இல் புதுவழி கண்டது. மோசடிக்காரரை நம்பி ஒருவர் பணம் அனுப்ப முனையும்போது, அவருடைய வங்கிப் பரிமாற்றங்களைக் கட்டுப்படுத்தக் காவல்துறை ஆணையிடலாம். தம் பணத்தைத் தாமே செலவிடும் உரிமையில் அரசு தலையிடலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. ஆகவே, அக்கட்டுப்பாட்டிற்குக் கால வரம்பும் வகுக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு, 2008இல் விரிவாக்கப்பட்டது. அதன் 66அ பிரிவு கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. குற்றத்தைத் தடுக்கும் சட்டம் குடிமக்களின் குரலை நெரித்தல் கூடாது என்பதை இது உணர்த்துகிறது.

கூட்டு முயற்சி

நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ, 2001இல் புடாபெஸ்டு நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதில் இந்தியா சேரவில்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் பொது அவை இணையக் குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. பொதுவாக, ஒரு செயல் இரு நாடுகளிலும் குற்றமாக இருந்தால்தான் குற்றவாளியை ஒப்படைக்க இயலும். எனவே, ஒரு நாட்டின் வேலியில் உள்ள இடைவெளி எல்லா நாடுகளுக்கும் இடைவெளியே ஆகும்.

எனினும், சட்டம் செயல்பட முதலில் செய்தி அதனை எட்டவேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறுவதற்குள் 1930 என்னும் உதவி எண்ணில் தெரிவித்தால், அதனை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. ஏமாந்தவர் வெட்கத்தால் காக்கும் மௌனமே குற்றவாளிக்குப் பெருந்துணை. வெட்கப்பட வேண்டியவர் ஏமாந்தவர் அல்லர், ஏமாற்றியவரே.