ஆவிக்குள் ஒளிந்திருக்கும் வெப்பம்

இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று எழும் வெண்மூட்டம் நீராவி இல்லை. நீராவிக்கு நிறமே கிடையாது. வெளிக்காற்றில் குளிர்ந்து பொடிப்பொடி நீர்த்துளிகளாக மாறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கொதிக்கும் கெண்டியின் மூக்கை ஒட்டி, ஒன்றுமே இல்லாததுபோல் விரற்கடை அளவு இடம் இருக்கும். அங்கே இருப்பதுதான் அசல் நீராவி.

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல், அதை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இத்தனை வெப்பத்தை வாங்கிக்கொண்டும் வெப்பமானி 100 டிகிரியிலேயே நிற்கும். வாங்கிய வெப்பம் ஆவிக்குள் தங்கிவிடுகிறது. குளிர்ந்த பொருளைத் தொட்டு மறுபடி நீராகும்போது மொத்தமும் வெளியே வருகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். இட்லி அத்தனை சீக்கிரம் வேகக் காரணமும் இதுதான்.

அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கிறார்கள். அப்போது தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் அது முழுதாகப் போய்விடுவதில்லை. இந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கு எதிராகப் புழுங்கல் அரிசி அரணாக நின்றது இப்படித்தான்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி, சூட்டை 120 டிகிரிவரை ஏற்றுகிறது. மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளிலிருந்து கிருமி நீக்குவதும் இதே முறையில்தான்.

ஆவி இயந்திரங்களையும் ஓட்டியது. 1712இல் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் இங்கிலாந்துச் சுரங்கங்களில் நீர் இறைத்தது. ஆனால் நிலக்கரியை ஏராளமாகத் தின்றது. ஆவியை நீராக்க உருளைக்குள் குளிர்நீரைப் பீய்ச்சினார்கள். உருளையும் சேர்ந்து குளிர்ந்தது. அதை மறுபடி சூடாக்கவே ஆவியில் பெரும்பகுதி செலவானது. ஆவியைத் தனிக் கலத்தில் குளிர்வித்தால் உருளை சூடாகவே இருக்குமே என்று ஜேம்ஸ் வாட் 1765இல் கண்டார். அந்த ஒரு யோசனை தொழிற்சாலைகளின் முகத்தையே மாற்றியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சினைப் பார்த்து, நீராவியின் காலம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிப்பதும் கூடங்குளத்தில் அணுவைப் பிளப்பதும் தண்ணீரை ஆவியாக்கத்தான். 1884இல் சார்லஸ் பார்சன்ஸ் உருவாக்கிய டர்பைனின் வாரிசுகளை அந்த ஆவி சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. நம் வீட்டு மின்விசிறி ஓடுவதில் நீராவிக்கு இன்றும் பெரும் பங்குண்டு.

இவ்வளவு வேலை செய்யும் அதே வெப்பம்தான் கையில் பட்டால் ஆழமாகச் சுடுகிறது. குக்கரின் அழுத்தம் முழுக்க அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சளிக்கு ஆவி பிடிக்கிறோம் என்று சிறு குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குனியவைக்கவே வேண்டாம். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.