மூச்சுக்குள் ஒரு கயிறிழுப்பு

ஜாதவ்பூர் 8-பி பேருந்து நிலையம் பக்கம் போய்வரும் நம்மவர்களுக்கு ராஜா சுபோத் மல்லிக் சாலை நன்கு பழக்கம். அங்கே கே.பி.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகத்தில் முன்பு காசநோய் மருத்துவமனை இருந்தது. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே 13 அன்று அங்கேதான் மறைந்தார். வயது இருபது. இன்று அதே சாலையில் இந்திய வேதி உயிரியல் நிறுவனம் இருக்கிறது. நுரையீரல் நோயைக் கட்டிலருகே நின்று பார்த்த காலம் போய், உயிரணுவுக்குள் புகுந்து பார்க்கும் காலம் இது.

நுரையீரலில் முப்பது கோடிக்குக் குறையாத காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் பெரும்பகுதியை அப்பளத்தைவிட மெலிந்து பரந்த உயிரணுக்கள் மூடியிருக்கின்றன. பிராணவாயு அவற்றைக் கடந்துதான் இரத்தத்தில் சேரவேண்டும். சுவர் தடித்தால் மூச்சு திணறும்.

உயிரணுவின் வடிவத்தைக் காப்பவை உள்ளே ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகள். கூடாரத்துக் கயிறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயோசின் அவற்றை இழுக்கும். 'இழு' என்று உத்தரவு போடுபவை கைனேஸ் எனும் நொதிகள். மயோசின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் கயிறு இறுகும். வேறொரு நொதி அதைக் கழற்றினால் தளரும். இப்படி ஒட்டுவதும் கழற்றுவதுமே புரதங்களை இயக்குகின்றன என்று கண்டதற்காக ஃபிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு சின்ன வேலைக்கா என்று தோன்றும். மனித உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

நுரையீரலில் காயம் பட்டால் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சைகைப் புரதம் வருகிறது. அதை ஏற்கும் ஏற்பியே ஒரு கைனேஸ். உத்தரவு கிடைத்ததும், ஒல்லியாகக் கிடந்த நார் உயிரணு அகன்று, தசைபோல் முறுக்கேறி, கொல்லாஜனைக் கொட்டுகிறது. (கொல்லாஜன் மூன்று புரிக் கயிறு என்று 1954இல் சென்னையிலிருந்து சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன்.) காயம் ஆறியதும் இந்த வேலை நிற்கவேண்டும். நிற்காவிட்டால் தழும்பு பரவி நுரையீரல் விறைத்துப்போகும்.

சில கைனேஸ்களைத் தடுக்கும் நின்டெடானிப் என்ற மருந்துக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது விறைப்பு பரவுவதை மெதுவாக்கும். விறைத்ததை மீட்டுத் தராது. நம் வீடுகளிலோ, மாடியேறிய பெரியவருக்கு மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். இந்த நோயில் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் மருத்துவருக்கு, வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற சரசரப்பு பெரும்பாலும் காதில் விழும்.