கண்ணுக்குள்ளே ஒரு கண்ணாடி!

கண்ணில் தூசி விழுந்தாலே தாங்க முடிவதில்லை. பிளாஸ்டிக் துண்டு பாய்ந்தால்?

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து விமானிகள் சிலருக்கு அப்படித்தான் நேர்ந்தது. குண்டு பட்டு, தலைக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடி நொறுங்கியது. சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தன. ஆனால், என்ன ஆச்சரியம்! உள்ளே தங்கிவிட்ட சில்லுகள் கண்ணைப் புண்ணாக்கவில்லை!

இதைக் கவனித்தார், லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி.

அந்தக் காலத்தில் கண்ணில் புரை விழுந்தால், மங்கிய லென்சை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால்?

1949-ம் ஆண்டு, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு அந்த ஆபரேஷனை ரிட்லி செய்தார். பெரிய டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை.

முதுமையில் ரிட்லிக்கும் புரை விழுந்தது. அவர் கண்டுபிடித்த முறையே அவருக்கும் பார்வை தந்தது!