மூன்றாவது ஏழு!

முதல் சக்கரம் நின்றது. 7. இரண்டாவது சக்கரம் நின்றது. அதுவும் 7! மூன்றாவது சுற்றுகிறது... சுற்றுகிறது... பொத்தானை அமுக்குகிறீர்கள். அட, 7 தெரிகிறதே! ஆனால், கோட்டுக்கு ஒரு படி மேலே நின்றுகொண்டு பல்லை இளிக்கிறது.

"சே! ஜஸ்ட் மிஸ்!" என்று தொடையில் தட்டிக்கொள்கிறீர்கள். கை தன்னால் அடுத்த காசை எடுக்கிறது.

அங்கேதான் சார் இருக்கிறது சூட்சுமம். நீங்கள் ஒன்றும் மயிரிழையில் கோட்டை விடவில்லை. சுத்தமாகத் தோற்றுவிட்டீர்கள். சக்கரம் நிற்பதற்கு முன்பே மெஷினுக்குள் அது முடிவாகிவிட்டது. மிச்சமெல்லாம் உங்களை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாமல் செய்கிற ஏற்பாடு. ஏழைக் காட்டியே ஆளை ஏழையாக்குகிற வித்தை!

இந்த வித்தையில் கரை கண்ட ஜப்பானியக் கம்பெனி ஒன்று உண்டு. ஆரம்பித்தவர் பெயர் கஸுவோ ஒகாடா. ஊரையெல்லாம் 'ஜஸ்ட் மிஸ்' போட வைத்துக் கோடி கோடியாகக் குவித்தவர். கடைசியில் அவருக்கே அந்த மூன்றாவது ஏழு கோட்டுக்கு மேலே போய் நின்றது. அந்தக் கதைதான் இது.

ஏணி வைத்தவர் யாரோ...

ஒகாடா 1942-ல் ஒசாகாவில் பிறந்தவர். முப்பதைத் தொடாத வயசில், 1969-ல், 'யுனிவர்சல் லீஸ்' என்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார்.

1978-ல் டைட்டோ கம்பெனியின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்து ஜப்பானையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. காபிக் கடையில்கூட மேஜைக்குப் பதில் வீடியோ கேம் பெட்டி! மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? யுனிவர்சலும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது.

1980-ல் அது போட்ட விளையாட்டு 'ஸ்பேஸ் பேனிக்'. கையில் துப்பாக்கி கிடையாது. ஏணியில் ஏறி, தரையில் குழி வெட்டி, துரத்தி வரும் வேற்றுக் கிரக ஜந்துக்களை அதில் விழ வைக்க வேண்டும். அடுக்கு அடுக்காக ஏறி இறங்கி ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் இதுதான் முன்னோடி என்று இன்றைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால், அடுத்த வருஷமே நின்டெண்டோ அதே மாதிரி ஏணியும் தளமும் வைத்து, கூடவே ஒரு கொரில்லாவையும் சேர்த்து 'டாங்கி காங்' என்று இறக்கியது. உலகப் புகழ் முழுக்க அதற்குத்தான். ஏணி வைத்தவர் ஒருத்தர், ஏறிப் போனவர் இன்னொருத்தர்! யுனிவர்சலின் முதல் 'ஜஸ்ட் மிஸ்' அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1982-ல் ஒரு கோமாளி கைகொடுத்தான். 'மிஸ்டர் டூ!' என்று பெயர். பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி செர்ரிப் பழம் பொறுக்குகிற ஆசாமி. அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்டான்.

ஆனால் ஒகாடாவின் கண் வேறு இடத்தில் இருந்தது. வீடியோ கேமில் காசு போட்டால் போட்டதுதான், அது திரும்பாது. காசு திரும்பி வரும் என்று ஆசை காட்டுகிற மெஷின் என்றால்? போட்டவன் நகரவே மாட்டானே!

சந்துக்குள் ஒரு ஜன்னல்

இங்கே ஜப்பானின் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே காசு வைத்துச் சூதாடினால் குற்றம். ஆனால், ஊருக்கு ஊர் பச்சிங்கோ நிலையங்கள்! 1990-களின் நடுவில் நாடு முழுக்கப் பதினெட்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. எப்படி?

நீங்கள் ஜெயித்தால் கடையில் பணம் தர மாட்டார்கள். பரிசுதான். பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பொட்டுத் தங்கம் மாதிரி ஏதாவது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனால், சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல். டப்பாவை நீட்டினால் ரொக்கம் வரும். ஜன்னல்காரர் வேறு கம்பெனி. கடைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம்! அவர் வாங்கின டப்பா மொத்த வியாபாரி வழியாக மறுபடி அதே கடைக்கே போய்ச் சேரும். சட்டம்? அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரும்புக் குண்டுகள் ஓடும் பச்சிங்கோவுக்குத் தம்பிதான் பச்சிஸ்லாட். மூன்று சக்கரம், சக்கரத்துக்கு ஒரு நிறுத்தும் பொத்தான். 'நாமே நிறுத்துகிறோம், நம் கைத்திறமை' என்று ஆடுகிறவருக்கு ஒரு தெம்பு. உண்மையில் நெம்புகோலைத் தட்டினவுடனேயே உள்ளே குலுக்கல் முடிந்துவிடும். நீங்கள் சரியான நேரத்தில் அமுக்கினாலும், சக்கரம் நாலு படம் வரைக்கும் நழுவி நிற்கலாம். கண்ணிமைக்கும் நேரம்தான், தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, எவ்வளவு தாராளமாகக் கொடுப்பது என்று ஒன்றிலிருந்து ஆறு வரை அளவு வைக்கும் சாவி கடை முதலாளியிடம். சகுனியின் தாயக்கட்டைக்கு ஜப்பானில் மின்சார இணைப்பு கொடுத்த மாதிரி!

யுனிவர்சல் இந்த மெஷினில் ராஜாவாகிவிட்டது.

அமெரிக்காவில் ஒரு பஞ்சாயத்து

அடுத்து அமெரிக்கா. சூதாட்ட விடுதிகளின் தலைநகரான லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1980-களில் யுனிவர்சல் மெஷின்கள் நுழைந்தன. ஆட வந்தவர்கள் எழுந்திருக்காமல் ஆடினார்கள். போட்டிக் கம்பெனிகளுக்கு வயிற்றெரிச்சல். 'அதற்குள் என்ன மாயம் இருக்கிறது?' என்று புகார் போயிற்று.

பிரித்துப் பார்த்தால், அதேதான்... மூன்றாவது ஏழு! ஆள் தோற்றான் என்று முதலில் முடிவாகும். பிறகு இரண்டாவதாக ஒரு புரோகிராம் ஓடி, 'எந்த மாதிரித் தோல்வியைக் காட்டலாம்?' என்று தேர்ந்தெடுக்கும். ஜெயிக்கிற படங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டுப் போகிற தோல்விகளாக, தற்செயலாக வருவதைவிட அதிகமாகக் காட்டும். ஆட்டம் நேர்மை, வேஷம் மட்டும் பொய் என்பது கம்பெனி தரப்பு. அதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டது நெவாடா சூதாட்ட ஆணையம். 1980-களின் கடைசியில் அந்தப் புரோகிராமை மாற்றும்படி ஆயிற்று.

(இதில் வேடிக்கை என்னவென்றால், சக்கரத்தில் கண்ணுக்குத் தெரிகிற படங்கள் ஒரு கணக்கு, கம்ப்யூட்டருக்குள் ஓடும் படங்கள் வேறு கணக்கு என்று இன்னொரு முறைக்கு அதே நெவாடாவில் அனுமதி உண்டு. அதிலும் மூன்றாவது ஏழு கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தாராளமாக வந்து நிற்கும்!)

1998-ல் கம்பெனி 'அருஸே' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அந்த வருஷம் வந்த 'ஹனபி' என்ற மெஷின் பெரிய வெற்றி. ஹனபி என்றால் வாணவேடிக்கை. பொருத்தமான பெயர்தான்!

2000-ல் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்', 'மெட்டல் ஸ்லக்' விளையாட்டுகளைப் படைத்த எஸ்.என்.கே. கம்பெனியை அருஸே வாங்கியது. குஸ்தி வீரர்களுக்கு நல்ல காலம் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அந்த வீரர்களைக் கொண்டுபோய்ச் சூதாட்டச் சக்கரத்தில் படமாக ஒட்டினார்கள். 2001-ல் எஸ்.என்.கே. திவால். அதன் ஸ்தாபகர் வேறு கம்பெனி ஆரம்பித்து, தன் வீரர்களை மீட்டுக்கொண்டு, அருஸே மேல் கேஸும் போட்டார்.

2002-ல் அருஸே குழுமத்திலிருந்து 'மில்லியன் காட்'. எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தடவை மூன்று 'காட்' படமும் சேரும். சேர்ந்தால் 5,000 நாணயம், அதாவது ஒரு லட்சம் யென் கொட்டும். சம்பளத்தையே தொலைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ! 'இது ரொம்ப ஓவர்' என்று 2003-ல் அதன் அனுமதியையே பிடுங்கிவிட்டார்கள்.

நண்பேன்டா!

இனிமேல்தான் கதையே. லாஸ் வேகாஸில் ஸ்டீவ் வின் என்று ஒரு ஜாம்பவான். 'மிராஜ்', 'பெலாஜியோ' என்று மாளிகை மாளிகையாகச் சூதாட்ட விடுதி கட்டியவர். 2000-ல் கம்பெனி கைமாறிப் போக, புதிதாக ஆரம்பிக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார். ஒகாடா தோள் கொடுத்தார். 26 கோடி டாலர்! பாதிப் பங்கு.

2005-ல் 'வின் லாஸ் வேகாஸ்' திறந்தது. 2006-ல் மக்காவிலும் கிளை. போட்ட பணம் பத்து மடங்கானது. லாஸ் வேகாஸ் விடுதிக்குள் இருந்த ஜப்பானிய ரெஸ்டாரன்ட்டுக்கு நண்பரின் பெயரையே வைத்தார் வின்: 'ஒகாடா'. முதல் ஏழு விழுந்தாயிற்று!

ஆனால், மெஷின் செய்கிறவருக்கே ஒரு நாள் ஆசை வந்துவிட்டது. நாமே ஒரு விடுதி கட்டினால் என்ன? பிலிப்பைன்ஸ் தலைநகர் மனிலாவின் கடற்கரையில் பிரம்மாண்டமாகத் திட்டம் போட்டார். இதற்கிடையே 2009-ல் கம்பெனி பழையபடி 'யுனிவர்சல் என்டர்டெயின்மென்ட்' ஆனது.

நண்பருக்கும் நண்பருக்கும் முட்டிக்கொண்டது. மக்காவ் பல்கலைக்கழகத்துக்கு வின் கம்பெனி பதின்மூன்றரைக் கோடி டாலர் நன்கொடை அறிவித்ததை ஒகாடா கேள்வி கேட்டார். 2012 ஜனவரியில் கணக்கைக் காட்டு என்று கோர்ட்டுக்கே போனார். பிப்ரவரியில் பதிலடி. பிலிப்பைன்ஸ் சூதாட்ட அதிகாரிகளின் தங்கல், விருந்து, உபசாரம் என்று ஒகாடா தரப்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் செலவழித்ததாக, எஃப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் லூயி ஃப்ரீ தயாரித்த அறிக்கையை வின் கம்பெனி எடுத்துப் போட்டது. ஒகாடா மறுத்தார். யார் கேட்டார்கள்? அவர் தரப்பிடம் இருந்த இருபது சதவீதப் பங்கை ஒரே இரவில் ரத்து செய்தார்கள். சந்தை விலை சுமார் 270 கோடி டாலர். கையில் கொடுத்தது? 'பத்து வருஷத்தில் தருகிறோம்' என்று சுமார் 190 கோடிக்கு ஒரு புரோநோட்டு!

ரெஸ்டாரன்ட்டுக்கும் அந்த வருஷமே பெயர் மாறியது. 'மிசுமி'.

46... 43... 10...

மனுஷன் அசரவில்லை. கேஸ் ஒரு பக்கம் நடக்க, 2016 டிசம்பரில் மனிலா விடுதியைத் திறந்தே விட்டார். 44 ஹெக்டேர் இடம், இசைக்கு ஆடும் ராட்சத நீரூற்று. பெயர்? இந்தத் தடவை அடுத்தவர் தயவு வேண்டாமே... 'ஒகாடா மனிலா'! இரண்டாவது ஏழும் விழுந்தது.

மூன்றாவது சக்கரம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

யுனிவர்சல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு ஹாங்காங்கில் ஒரு குடும்பக் கம்பெனியின் பெயரில் இருந்தது. அதில் ஒகாடாவுக்கு 46 சதவீதம். மகனுக்கு 43. மகளுக்குக் கிட்டத்தட்ட 10. வாழ்நாள் முழுக்க நிகழ்தகவிலேயே பிழைப்பு நடத்திய மனுஷர், இந்தச் சின்னக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டார். 2017 மே மாதம் மகனும் மகளும் கை கோத்தார்கள். 43-ம் 10-ம் 53! அப்பா குடும்பக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலிருந்து அவுட். அடுத்த மாதம் யுனிவர்சலின் தலைவர் நாற்காலியும் போயிற்று. கம்பெனிப் பணத்தைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அதையும் அவர் மறுத்தார்.

அட, நாலு பங்கு கூடுதலாக வைத்திருந்தால்... ஜஸ்ட் மிஸ்!

2018-ல் ஸ்டீவ் வின் பாலியல் புகார்களில் சிக்கி, தன் நாற்காலியைத் தானே காலி செய்தார். மார்ச்சில் அந்தப் பழைய வழக்கு சமாதானமானது. வின் கம்பெனி சுமார் 240 கோடி டாலர் எடுத்து வைத்தது. யாருக்கு? யுனிவர்சலுக்கு! சண்டை போட்டவர் வெளியே. பணம், அவரை வெளியே தள்ளியவர்கள் நடத்தும் கம்பெனிக்குள்ளே.

கூத்து அதோடு நிற்கவில்லை. அந்த வழக்கை நடத்திய வக்கீல்கள் ஃபீஸ் கேட்டு வந்தார்கள், ஒகாடாவிடம்! ஐந்து கோடி டாலர். மத்தியஸ்தத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பு. அந்த நெருக்கடியில் அவர் கையில் மிச்சமிருந்த அமெரிக்க ஸ்லாட் மெஷின் கம்பெனியும் 2023 பிப்ரவரியில் திவால் மனு போட்டது.

நடுவில் ஒரே ஒரு வெளிச்சம். 2022 ஏப்ரலில், பழைய நிலைமையே தொடரட்டும் என்று பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மே 31-ம் தேதி ஒகாடா தரப்பு, காவலாட்கள் சூழ விடுதிக்குள் நுழைந்து கைப்பற்றியது. எண்பதை நெருங்கும் வயசில் மறுபடி ராஜா! மூன்றே மாதம். செப்டம்பர் தொடக்கத்தில், அந்த நாட்டுச் சூதாட்ட ஒழுங்கு அமைப்பின் உத்தரவுப்படி விடுதி மறுபடி யுனிவர்சல் கைக்கே போனது. அன்றைக்கும் வாசலில் மின்னிய பெயர்ப் பலகையில் எழுதியிருந்தது 'ஒகாடா' என்றுதான்.

இப்போது அந்த நாற்காலிக்கு வாருங்கள். எதிரே மெஷின். 7... 7... கோட்டுக்கு மேலே இன்னொரு 7. அது மெஷினாக இருக்கலாம், உங்கள் செல்போனில் மினுமினுக்கும் ஏதோ ஒரு விளையாட்டாகவும் இருக்கலாம். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று விரல் துடிக்கிறது.

மெஷின் கட்டின ஆளுக்கே விழவில்லை சார். எழுந்திருங்கள், கடைசி ரயில் போய்விடப் போகிறது!